பசுமைச் சான்றிதழ் பெற்ற வாடகை வீடு: போட்ட காசு திரும்புமா?

கூரைமேல்கொடி:

வணக்கம். 16 வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அடுத்து 24 வீடுகளோடு இன்னொன்று கட்டப் போகிறேன். விற்க அல்ல, முழுவதும் வாடகைக்குத்தான். வரைபடம் போடுபவர், "பசுமைச் சான்றிதழுக்குப் போகலாம். கட்டுமானச் செலவு 4 சதவீதம்தான் கூடும். வாடகை தானாக ஏறும், பின்னால் விற்றாலும் நல்ல விலை போகும்" என்கிறார். அவர் காட்டிய படங்களில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவி கேட்ட ஒரே கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை: "கரண்ட் பில் கட்டப்போவது குடியிருப்பவர். அவருக்கு மிச்சமாகும் பணம் நம் கைக்கு எப்படி வரும்?"

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை இங்கே விவாதிக்க வேண்டாம், கணக்கு மட்டும் பேசலாம். கட்டியவர், கடன் கொடுத்தவர், குடியிருந்தவர், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

பாகற்காய்:

வீட்டம்மா கேட்டதுதான் கேள்வி. இழையை இத்தோடு மூடிவிடலாம்.

வாடகைக்கு வீடு பார்க்க வந்த ஒருவர்கூட இதுவரை என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. வாடகை எவ்வளவு, தண்ணீர் ஒழுங்காக வருமா, வேலைக்குப் போக எவ்வளவு நேரம், வண்டியை எங்கே நிறுத்துவது. இந்த நான்கைத் தாண்டிப் பேச்சு போனதே கிடையாது.

நான் பங்கு வைத்திருக்கும் கட்டடம் ஒன்றுக்குச் சான்றிதழ் வாங்கினோம். நடைவழி விளக்குகள் வெளியே இருட்டினால் எரியும், விடிந்தால் அணையும். சாயங்காலம் தாமதமாக எரிகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் உணர்வியின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டார். அதைப் பொறுத்தவரை இனி எப்போதும் ராத்திரிதான். பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிகிறது, அதற்குக் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் தொங்குகிறது. போன மாதம் பார்த்தபோதும் டேப் அப்படியே இருந்தது.

பேரேடு:

பாகற்காய் அண்ணே, டேப்பைப் பார்த்தும் நீங்களாவது பிய்த்திருக்கலாமே.

சரி, கணக்குக்கு வருவோம். எந்த ஊர்ப் பணமும் வேண்டாம். ஒரு வீட்டின் வருட வாடகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். 24 வீட்டுக்கு 2,400. மனையும் கட்டடமும் சேர்த்துப் போட்ட முதலுக்கு 6 சதவீத வாடகை வருகிறது என்றால் முதல் 40,000. அதில் கட்டுமானம் மட்டும் 24,000 இருக்கட்டும். 4 சதவீதம் கூடுதல் என்றால் 960. அதற்கு 8 சதவீத வட்டி போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 77.

வரவு என்ன? குடியிருப்பவரின் மின்சார, தண்ணீர்ச் செலவு வாடகையில் பத்தில் ஒரு பங்கு, அதில் கால்வாசி மிச்சம் என்று வைத்தால் 24 வீட்டுக்கும் சேர்த்து 60. இது முழுவதும் அவர்கள் பைக்குப் போகிறது. உங்களுடையது லிஃப்ட், மோட்டார், நடைவழி விளக்கு ஆகிய பொதுச் செலவு. அது வாடகையில் 2 சதவீதம், அதாவது 48. அதில் 30 சதவீதம் மிச்சமானால் 14.

ஆக, செலவு 77, வரவு 14. வருடம் 63 கையைக் கடிக்கிறது. அம்மா கேட்ட கேள்வியின் விலை அதுதான். செலவு செய்பவர் ஒருவர், பலனை அனுபவிப்பவர் இன்னொருவர். உலகம் முழுவதும் வாடகை வீடுகளில் இந்த வேலைகள் நடக்காமல் கிடப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்.

இந்த 63ஐ மூன்று வழியில் மீட்கலாம்: வாடகையை 2.6 சதவீதம் கூட்டலாம், வீடு காலியாகக் கிடக்கும் நாட்களைக் குறைக்கலாம், கடன் வட்டியைக் குறைக்கலாம். முதல் வழியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை குறைவு.

கூரைமேல்கொடி:

பேரேடு ஐயா, மிக்க நன்றி. ஆனால் வாடகை கூடும் என்பதற்கு ஆய்வுகள் இருப்பதாக அவர் சொன்னாரே?

பேரேடு:

இருக்கின்றன. அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2010இல் ஓர் அமெரிக்கப் பொருளியல் இதழில் வந்த ஆய்வு. சான்றிதழ் பெற்ற கட்டடங்களில் வாடகை சுமார் 3 சதவீதம் கூடுதல், காலியிடத்தையும் கணக்கில் எடுத்தால் சுமார் 7, விற்பனை விலையில் சுமார் 16 சதவீதம் கூடுதல் என்று அது சொன்னது. உங்களிடம் படம் காட்டியவர் அநேகமாக இதைத்தான் சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டது: அது அலுவலகக் கட்டடங்களைப் பற்றியது. அலுவலகத்தை வாடகைக்கு எடுக்கும் பெரிய கம்பெனிக்கு ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ள ஒரு சான்றிதழ் தேவை. மூன்று பேர் உள்ள குடும்பம் ஆண்டறிக்கை வெளியிடுவதில்லை.

குடியிருப்புகளிலும் சான்றிதழ் உள்ளவற்றின் வாடகை கூடுதல் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் சான்றிதழ் வாங்கும் கட்டடம் பெரும்பாலும் புதியது, நல்ல இடத்தில் இருப்பது, நிர்வாகமும் ஒழுங்கானது. வாடகை கூடியது எதனால் என்று பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை. நன்றாகப் படிக்கும் பையனை நல்ல பள்ளியில் சேர்த்துவிட்டுப் பள்ளியால்தான் படிக்கிறான் என்று சொல்வது போலத்தான்.

ஒண்டுக்குடித்தனம்:

குடியிருப்பவன் பக்கத்திலிருந்து ஒரு குரல். 11 வருடத்தில் 5 வீடு மாறியவன்.

பாகற்காய் அண்ணன் சொன்னது சரி, சான்றிதழ் கேட்கத் தோன்றியதே இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே எனக்குப் புரியாது. ஆனால் மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வீட்டைப் பார்த்து முடித்ததும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "வெயில் காலத்தில் உங்களுக்கு பில் எவ்வளவு வருகிறது?" என்று கேட்பேன். ஒருமுறை அந்த அம்மா சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, பேசி முடித்த வீட்டை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் யாராவது, "இதுதான் இந்த வீட்டின் கடைசி 12 மாத பில், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நீட்டினால் அவர் கேட்கும் வாடகையில் 2 சதவீதம் கூடுதலாக இருந்தாலும் பேரம் பேசாமல் கொடுப்பேன். இதுவரை ஒருவரும் நீட்டவில்லை.

பாகற்காய்:

புதுக் கட்டடத்துக்குக் கடைசி 12 மாத பில்லுக்கு எங்கே போவது தம்பி?

ஒண்டுக்குடித்தனம்:

முதல் வருடம் முடியாது அண்ணே. இரண்டாம் வருடத்திலிருந்து முடியும். முதல் வருடம் வேண்டுமானால் அந்தச் சான்றிதழை மாட்டிக்கொள்ளட்டும்.

ரசமட்டம்:

நான் கட்டடங்களின் ஆற்றல் தணிக்கை செய்பவன், 14 வருடமாக. இரண்டு விஷயம்.

முதலில் அந்த 4 சதவீதம். மொத்தமாக ஒரு சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள், பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குள் மூன்று வகைச் செலவு கலந்திருக்கும். ஒன்று, சான்றிதழுக்கான கட்டணமும் ஆலோசகர் சம்பளமும். இரண்டு, உண்மையிலேயே பில்லைக் குறைக்கும் வேலைகள்: கூரைக்கு வெப்பக்காப்பு, ஜன்னலுக்கு நிழல், திறன் கூடிய மோட்டார், குறைவாகத் தண்ணீர் விடும் குழாய்கள். மூன்று, புகைப்படத்துக்கான அலங்காரம். சுவர் முழுக்கச் செடி வளர்ப்பது போன்றவை. கடைசி வகையைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும், அந்தச் சம்பளம் எந்தப் படத்திலும் வராது.

எந்தச் சான்றிதழ் என்றும் கேளுங்கள். பிரிட்டனில் 1990இல் தொடங்கிய பிரீயம், அமெரிக்காவின் லீட், உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் நடத்தும் எட்ஜ், எல்லாவற்றையும் ‘பசுமை’ என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறார்கள். அளக்கும் விதமோ ஒன்றுக்கொன்று வேறு. லீட் புள்ளிக் கணக்கு, மொத்தம் 110இல் 40 வாங்கினால் அடிப்படைச் சான்றிதழ். இடம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, சைக்கிள் நிறுத்த வசதி உண்டா என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு. நல்ல விஷயங்கள்தான், ஆனால் பில்லைக் குறைக்காது. எட்ஜ் குறுகலானது: ஆற்றல், தண்ணீர், கட்டுமானப் பொருட்களைத் தயாரிப்பதில் வெளியாகும் கார்பன் என மூன்று மட்டும். அந்தந்த இடத்தின் வழக்கமான கட்டடத்தைவிட மூன்றிலும் 20 சதவீதமாவது குறைய வேண்டும். அதன் மென்பொருள் இணையத்தில் இலவசம். ஆலோசகரைப் பிடிப்பதற்கு முன் நீங்களே உட்கார்ந்து ஜன்னல் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், கூரை நிறத்தை மாற்றிப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பு. பேரேடு ஐயா ‘கால்வாசி மிச்சம்’ என்று போட்டது காகிதத்தில் வருவது. ஜெர்மன் வீடுகளை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வீடுகளின் உண்மையான ஆற்றல் பயன்பாடு கணக்கிட்ட அளவைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாக இருந்தது. மோசமான வீட்டில் இருப்பவர் காகிதம் சொல்லும் அளவுக்குச் செலவு செய்வதில்லை. ஓர் அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு மற்ற அறைகளில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். செலவழிக்காத பணத்தை மிச்சம் பிடிக்க முடியாது அல்லவா? பழைய கட்டடத்தைச் சீரமைத்தால் கணக்குப் போட்ட சேமிப்பு வராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். பலன் கிடைக்காமல் போகவில்லை, அது பில்லில் தெரியாமல் சௌகரியமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கூரைமேல்கொடி:

பிரித்து வாங்கிவிட்டேன். 4 சதவீதத்தில் சான்றிதழும் ஆலோசகரும் முக்கால் சதவீதம். கூரை, நிழல், மோட்டார், குழாய் எல்லாம் சேர்ந்து ஒன்றே கால். மீதி 2 சதவீதம் முகப்பில் விசேஷக் கண்ணாடி, செடிச் சுவர், கொஞ்சம் சூரிய மின் தகடு.

முகப்பு எதற்கு அவ்வளவு கண்ணாடி என்று கேட்டேன். "வெளிச்சத்துக்கு" என்றார். அப்புறம் விசேஷக் கண்ணாடி எதற்கு? "வெயிலைத் தடுக்க" என்றார்.

ரசமட்டம்:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். கண்ணாடியைப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு மேலே நிழல்தட்டு வைக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் இருக்கும்போது மாற்றினால் செலவே இல்லை, சில நேரம் செலவு குறையவும் செய்யும். சூரியத் தகடு தனிக் கணக்கு. அது தன் காலில் நின்றால் வையுங்கள், இதோடு கலக்க வேண்டாம். ஆக உங்களுக்கு உண்மையான கூடுதல் 2 சதவீதம்தான்.

பேரேடு:

அப்படியானால் என் கணக்கு மாறுகிறது. கூடுதல் 480, அதன் வருட வட்டி 38. பொதுச் செலவில் மிச்சம் அதே 14. பள்ளம் 63இலிருந்து 24 ஆகிவிட்டது. வாடகையில் ஒரு சதவீதம்.

கடன்மேசை:

நான் கடன் கொடுக்கும் பக்கத்தில் வேலை பார்ப்பவன். இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். பேரேடு சொன்ன மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் 40,000இல் 70 சதவீதம் கடன் என்றால் 28,000. பசுமைச் சான்றிதழ் உள்ள கட்டடத்துக்கு வட்டியில் கால் சதவீதம் குறைத்தாலும் முதல் வருடம் 70 மிச்சம். கூடுதல் செலவு மொத்தத்துக்கும் நீங்கள் கட்டும் வட்டி 38தான். புரிகிறதா? சலுகை, கூடுதலாகச் செலவழித்த தொகைக்கு மட்டும் கிடைப்பதில்லை, முழுக் கடனுக்கும் கிடைக்கிறது. அசல் குறையக் குறைய இந்த 70ம் குறையும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடன் கொடுப்பவர் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். தர்மத்துக்கு அல்ல. பசுமைப் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டும் நிறுவனம், அந்தப் பணத்தைப் பசுமைக்குத்தான் கொடுத்தோம் என்று காட்டியாக வேண்டும். சான்றிதழ்தான் அதற்கு அத்தாட்சி. உண்மையில் உங்கள் சான்றிதழைப் படிக்கும் ஒரே வாசகர் நாங்கள்தான்.

அமெரிக்காவில் அடுக்குமாடி வாடகைக் கட்டடங்களுக்கான கடன்களை வாங்கும் ஃபேனி மே, கிரீன் ரிவார்ட்ஸ் என்ற திட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போனது. உரிமையாளருக்கு மிச்சமாகும் என்று கணிக்கப்பட்ட தொகையில் 75 சதவீதத்தை வருமானமாகச் சேர்த்துக் கடன் தகுதியைக் கணக்கிட்டது. குடியிருப்பவருக்கு மிச்சமாகும் தொகையிலும் 25 சதவீதத்தைச் சேர்த்துக்கொண்டது. வேறொருவர் பையில் இருக்கும் பணத்தில் கால் பங்காவது வாடகையாக வந்துசேரும் என்று ஒரு பெரிய நிறுவனமே மதிப்பிட்டிருக்கிறது. மனைவியார் கேட்ட கேள்விக்கு நான் பார்த்த ஒரே எண் வடிவப் பதில் இதுதான்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சலுகை கடன் காலம் முழுவதுமா, முதல் சில வருடங்களுக்கு மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். வடிவமைப்புக் கட்டத்தில் கிடைக்கும் முன்சான்றிதழை ஏற்பார்களா, கட்டி முடித்தபின் வரும் இறுதிச் சான்றிதழ்தான் வேண்டுமா என்பதையும் கேளுங்கள். இறுதிச் சான்றிதழ் வராவிட்டால் கொடுத்த சலுகையைத் திரும்பப் பிடிப்பார்கள்.

பாகற்காய்:

வாதத்துக்காக ஒத்துக்கொள்கிறேன். கால் சதவீதச் சலுகை கொடுக்கும் இடம் இருந்தால் சான்றிதழ் லாபம். இல்லாவிட்டால்?

கடன்மேசை:

இல்லாவிட்டால் சான்றிதழுக்கான முக்கால் சதவீதத்தை மிச்சம் பிடியுங்கள், கூரையையும் நிழலையும் மட்டும் செய்யுங்கள். நான் விற்பனைக்காரன் இல்லை.

நெய்வேலிக்காற்று:

இழை அருமை. ஒரு சின்னச் சந்தேகம். வாடகையிலேயே மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து வாங்கிவிட்டால் மிச்சம் முழுவதும் உரிமையாளருக்குத்தானே? பிரச்சினை தீர்ந்ததே?

ரசமட்டம்:

நல்ல கேள்வி. ஸ்வீடனில் பெரும்பாலான வாடகை அப்படித்தான், வீட்டைச் சூடாக்கும் செலவு வாடகைக்குள் அடங்கியிருக்கும். அதனால் அங்கே சுவருக்கும் ஜன்னலுக்கும் உரிமையாளர்தான் கவலைப்படுகிறார். ஆனால் பிரச்சினை அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். பில் கட்டாதவர் புழுங்கினால் ஹீட்டரைக் குறைக்க மாட்டார், ஜன்னலைத் திறப்பார். குளிர்சாதனத்துக்கும் இதே கதைதான், வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் பார்த்ததில் நடுவழி ஒன்று வேலை செய்கிறது. தண்ணீர், வெந்நீர் போன்றவற்றை வாடகையில் சேர்த்து ஓர் அளவு வரை இலவசம் என்று வைத்து, அதற்கு மேல் போனால் தனி மீட்டர்படி வாங்குவது. தனி மீட்டர் கட்டும்போதே வைத்துவிட வேண்டும். பிறகு வைப்பதென்றால் சுவரை உடைக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கழிவறைத் தொட்டியில் வண்ணத் தண்ணீரை ஊற்றி, 15 நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கோப்பையில் நிறம் வந்தால் உள்ளே வால்வு கசிகிறது. பொதுத் தண்ணீருக்கு உரிமையாளர் பணம் கட்டும் கட்டடம் ஒன்றில் இப்படி 30 வீட்டைச் சோதித்தேன். 8 கோப்பைகள் நீலமாயின. அந்த ரப்பர் வளையம் சில்லறைக் காசு விலை. அங்கே மூன்று வருடமாக மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்து மோட்டாரை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பேரேடு:

சட்டம் என்ற ஒரு கோணமும் இருக்கிறது. லாபக் கணக்கு மட்டும் போட்டால் அது தப்பிவிடும்.

தானாக முன்வந்து வாங்கும் பசுமைச் சான்றிதழ் வேறு, அரசு கட்டாயமாக்கும் ஆற்றல் தரம் வேறு. ஆனால் இரண்டாவது, முதலாவதின் மதிப்பை மாற்றிவிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடுகளுக்கு ‘ஏ’ (மிக நல்லது) முதல் ‘ஜி’ (மிக மோசம்) வரை ஆற்றல் தரம் உண்டு, ‘இ’ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை 2018 ஏப்ரல் முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2020 ஏப்ரல் முதல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாடகைகளுக்கும் அது பொருந்தியது. விலக்குகள் உண்டு. பிரான்ஸில் இன்னும் கறாராகப் படிப்படியாகத் தடை: 2025இல் ‘ஜி’ தரம், 2028இல் ‘எஃப்’, 2034இல் ‘இ’. அதற்கு முன்பே 2022 ஆகஸ்டிலிருந்து ‘எஃப்’, ‘ஜி’ வீடுகளுக்கு வாடகையை ஏற்ற முடியாது.

நெதர்லாந்தில் வேறு மாதிரி. வாடகைக்கு உச்சவரம்பு உள்ள வீடுகளில் பரப்பு, வசதிகளோடு ஆற்றல் தரத்துக்கும் புள்ளி உண்டு, புள்ளியை வைத்துத்தான் அதிகபட்ச வாடகை. அங்கே நல்ல தரம் கூடுதல் வாடகையாக நேராகவே மாறுகிறது. ஜெர்மனியில் 2023 முதல், வீட்டைச் சூடாக்கும் எரிபொருளின் கார்பன் கட்டணத்தை உரிமையாளரும் குடியிருப்பவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மிக மோசமான கட்டடத்தில் உரிமையாளர் பங்கு 95 சதவீதம்.

இதையெல்லாம் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: பசுமைக்குக் கூடுதல் விலை கிடைக்குமா என்று கேட்பதைவிட, பசுமை இல்லாததற்கு எப்போது விலை குறையும் என்று கேட்கலாம். நீங்கள் கட்டுவது 50 வருடத்துக்கு நிற்கப்போகிறது. 50 வருடத்துக்கும் உங்கள் இடத்தில் இப்படி ஒரு சட்டம் வராது என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

பாகற்காய்:

வரலாம், வராமலும் போகலாம். வந்த சட்டத்தைத் தள்ளிப்போட்ட அரசுகளையும் பார்த்திருக்கிறோம். வராத சட்டத்துக்கு இப்போதே வட்டி கட்டச் சொல்லாதீர்கள். ஆனால் கூரை, ஜன்னல் போன்றவை பிறகு மாற்ற முடியாதவை, அதை இப்போதே செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மோட்டாரையும் விளக்கையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

ரசமட்டம்:

பாகற்காயும் நானும் ஒத்துப்போகும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

கூரைமேல்கொடி, நீங்கள் இரண்டாவது வழியை, அதாவது காலியாகக் கிடக்கும் நாட்களை, இன்னும் தொடவே இல்லை. உங்களிடம் 16 வீட்டின் பழைய கணக்கு இருக்கிறது. ஆய்வு எதற்கு? யார் எந்த வீட்டைக் காலி செய்தார், எந்த மாதத்தில், அடுத்தவர் வர எவ்வளவு நாள் ஆயிற்று என்று பாருங்கள். குறிப்பாக மேல்மாடி.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒருமுறை இரவு 11 மணிக்கு ஒரு மேல்மாடி வீட்டில் முக்காலி மேல் ஏறி நின்று கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கால்மணி நேரம் ஆனது போல இருந்தது. வெயில் போய் ஐந்து மணி நேரம் ஆகியும் கான்கிரீட் வாங்கிய சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் படுக்கையறையில் யாரும் படுப்பதில்லை, கட்டிலை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். தரையில் நான்கு கால் தடமும் தேய்ந்திருந்தது. அப்படி ஒரு வீட்டில் யார் இரண்டாவது கோடையையும் கழிப்பார்கள்?

கூரைமேல்கொடி:

எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தேன். கடைசி 6 வருடத்தில் 19 பேர் காலி செய்திருக்கிறார்கள். அதில் 11 பேர் மேல்மாடியின் 4 வீடுகளில் இருந்தவர்கள். மற்ற 12 வீடுகளில் சேர்த்து 8 பேர்தான்.

கீழ்வீடுகள் அரை மாதத்தில் நிரம்பின. மேல்வீடுகளுக்குச் சராசரியாக ஒன்றரை மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் நானே வாடகையைக் கொஞ்சம் குறைத்து, ‘மேலே காற்றோட்டமாக இருக்கும்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இதுவரை ஒருவர்கூட சூடு என்று காரணம் சொன்னதில்லை. சொந்த ஊருக்குப் போகிறோம், பள்ளி தூரம், இப்படித்தான் சொன்னார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பேரேடு:

11 முறை ஒன்றரை மாதம் என்றால் பதினாறரை மாத வாடகை. 4 வீட்டின் 288 மாதத்தில் இது ஏறக்குறைய 6 சதவீதம். கீழே 8 முறை அரை மாதம் என்றால் 4 மாதம், 864 மாதத்தில் அரை சதவீதம்கூட இல்லை. தரகு, வெள்ளையடித்தது, குறைத்துக் கொடுத்த வாடகை எதையும் நான் சேர்க்கவில்லை. ஒரே கட்டடம், ஒரே உரிமையாளர், ஒரே தெரு. நடுவில் மாறுவது கூரை மட்டும். மேற்கோள் காட்ட இதைவிட நல்ல ஆய்வு எனக்குக் கிடைக்காது.

கூரைக்கு வெப்பக்காப்பு போட என்ன கேட்கிறார்கள்?

கூரைமேல்கொடி:

ஒரு வீட்டின் 14 மாத வாடகை அளவுக்கு. நான்கு வீட்டின் கூரைக்கும் சேர்த்து, மேலே வெள்ளை ஓடு பதிப்பதோடு.

பாகற்காய்:

போடுங்கள். என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கூரைமேல்கொடி:

வேலை அடுத்த வாரம் ஆரம்பம். சான்றிதழ் எதுவும் இல்லாமல்.

புதுக் கட்டடத்துக்கு: கண்ணாடி பாதியானது, செடிச் சுவர் போனது, 24 வீட்டுக்கும் தனித் தண்ணீர் மீட்டர். சான்றிதழ் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு இடத்தில் கேட்டேன். ஓரிடத்தில் சலுகை இல்லவே இல்லை. இன்னோரிடத்தில் கால் சதவீதம் தருகிறோம், ஆனால் இறுதிச் சான்றிதழ் வந்த பிறகுதான் என்கிறார்கள். அதுவும் முதல் 5 வருடத்துக்கு மட்டும்.

கடன்மேசை:

5 வருடம் என்றாலும் கணக்கு நிற்கிறது, சான்றிதழுக்குத் தனியாக ஆவது 180தானே. வருடம் 60, 70 என்று மூன்றே வருடத்தில் வந்துவிடும். முன்சான்றிதழ் கையில் இருந்தால் முதல் தவணையிலிருந்தே சலுகையை ஆரம்பிக்க முடியுமா என்று இன்னொரு முறை கேளுங்கள். முதல் முறை ‘முடியாது’ என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

ஒண்டுக்குடித்தனம்:

ஐயா, கூரை வேலை முடிந்து மேல்மாடியில் ஏதாவது வீடு காலியானால் சொல்லுங்கள். பில்லைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கூரைமேல்கொடி:

தம்பி, இப்போது ஒன்று காலியாகத்தான் இருக்கிறது. பில்தான் இன்னும் வரவில்லை. ஒரு கோடை பொறுங்கள்.